ஆளில்லாத கோதாவில் வீரையா தோற்ற விதம்

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான மேல்லயத்தில் ஒரு திங்கட்கிழமை விடியலில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் ஓய்ந்த கையோடு, பயில்வான் வீரையா தன் ஒற்றையறைக் காம்பரா வாசலில் நின்று எட்டு லயத்துக்கும் கேட்கும்படி சொன்னான்:

"நேத்து கண்டியில மூவாயிரம் சனத்துக்கு முன்னால, எதிர்ல ஆளே இல்லாம பதினேழு நிமிசம் குஸ்தி போட்டேன். போட்டுத் தோத்தேன்! இந்த இலங்கையில இதுவரைக்கும் எவனாவது அப்படித் தோத்திருக்கானா?"

கூவ வாயெடுத்த சேவல் ஒன்று அப்படியே வாயை மூடிக்கொண்டு கூரையிலிருந்து இறங்கிவிட்டது என்பார்கள். மற்றபடி லயத்து ஜனம் அதிகம் திகைக்கவில்லை. ஏழு வருடமாக எதிரே இருந்தவர்களிடமெல்லாம் தோற்றுத் தீர்த்தவன், இனி இல்லாதவனிடம் தோற்பதுதான் முறை என்று அவர்களுக்குப் பட்டது.

"அண்ணனுக்கு அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு" என்றாள் பக்கத்துக் காம்பரா அழகம்மா, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே.

நம்பாதவள் ஒருத்திதான். அவள் வீரையாவின் பெண்டாட்டி வடிவம்மா.

வடிவம்மாவுக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு கண்டிக் குஸ்திச் சபையிலிருந்து முத்திரை குத்திய கடிதம் வந்திருந்தது: "உமது முதலாவது வெற்றி 1934 ஒக்டோபர் 14ஆம் திகதி ஞாயிறு பிற்பகல் உமக்கு வழங்கப்படும்." அதைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டவள், அன்றிலிருந்து மலையில் கொழுந்து பறிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு நிரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஏழு வருடமாக "விழுந்தான் பொஞ்சாதி" என்ற பெயரைச் சுமந்தவள் வேறு என்ன செய்வாள்?

"தோத்தேன்னு சொல்லுங்க, நம்புறேன்" என்றாள் உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி. "பயந்துக்கிட்டு வத்தேகமை ஸ்டேசன்லயே உக்காந்துட்டேன்னு சொல்லுங்க, அதையும் நம்புறேன். ஆளே இல்லன்னு சொல்லாதீங்க. இந்த ஏழு வருசத்துல நீங்க தோத்தீங்க. பொய் சொன்னதில்ல."

"இந்தா புள்ள, சத்தியமா..."

"சத்தியம் வேற செய்றீங்களா?"

கொடியில் காய்ந்த அவனுடைய லங்கோட்டை உருவித் தகரப் பெட்டிக்குள் போட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். நெசமென்று தனக்குத் தெரிகிறவரை கண்டிப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டாள். தோட்டத்துப் பக்டரியில் நூறு றாத்தல் கொழுந்துச் சாக்கைத் தும்பைப்பூ மாதிரி தூக்கி வைக்கிற வீரையா, அன்று முழுக்க ஒரு சாக்கைக்கூட ஒழுங்காகத் தூக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் போகிறவளோடு எந்தப் பிடி போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நடந்தது என்னவென்று சொல்வதற்கு முன்னால் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கண்டி மலைநாட்டுக் குஸ்திப் பரிபாலன சபை 1926இல் பிறந்தது. அதற்கு முந்தி இந்தப் பக்கத்தில் இரண்டு பேர் கட்டிப் புரள்வதும், கீழே விழுந்தவன் தோற்பதுமாக, குஸ்தி ஓர் ஒழுங்குமில்லாமல் நடந்துவந்தது. யார் வெல்வான் என்று கடைசி நிமிடம்வரை ஒருவருக்கும் தெரியாது. இந்த அராஜகத்தைப் பொறுக்கமாட்டாத ஏழு கனவான்கள் கூடிச் சபை அமைத்தார்கள். ஏழு பேரில் ஒருவரும் பிறந்ததிலிருந்து யாரையும் தொட்டுத் தள்ளியதுகூட இல்லை. அதுவே தங்கள் நடுநிலைமைக்கு அத்தாட்சி என்று அவர்கள் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டார்கள்.

தலைவர் பிரக்கிராசியார் சண்முகநாதன். வடக்கிலிருந்து கண்டிக்கு வந்து முப்பது வருடம் வழக்குப் பேசி ஓய்ந்தவர். மேலே மின்விசிறி சுற்றினால் சால்வையால் தம்மைக் கதிரையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு மெலிந்தவர். "வெற்றியெண்டது என்ன? ஒரு உத்தியோக உயர்வு. சேவைக்காலம் பார்த்துத்தான் குடுக்கவேணும். பலம் இருக்கிறவனுக்கெல்லாம் வெற்றியைத் தூக்கிக் குடுத்தால் பிறகு சபை எதுக்கு?" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம்.

ஆகவே சபையில் சேர்ந்தவன் முதல் ஏழு வருடம் தோற்க வேண்டும். எட்டாம் வருடம் ஒரு வெற்றி. அதன்பின் வருடத்துக்கு இரண்டு. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வுபெறும் வருடம் முழுக்க வெற்றி. இதன்படி சபையின் மகா சாம்பியன்கள் எல்லாரும் மூச்சிரைக்கும் கிழவர்களாக இருந்தார்கள். வீரையா போன்றவர்கள் அவர்களைப் பதமாகத் தாங்கிப் பிடித்து, எலும்பு நோகாமல் தங்கள் மேலேயே கிடத்திக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஒரு சாம்பியன் வீரையாவின் மார்பில் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். மூன்று எண்ணினார்கள், மாலை போட்டார்கள், ஜனமும் கலைந்து போனது. வென்றவரை எழுப்பத் தோற்றவனுக்கு அதிகாரமில்லை என்பதால் வீரையா ஒன்றேகால் மணி நேரம் அசையாமல் கிடந்தான்.

காரியதரிசி பளீல் நல்ல மனிதர். எழுத்து வேலைகள் எல்லாம் அவர் தலையில். போட்டிக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று, வந்தேன் என்று வரவுப் பதிவேட்டில். மற்றது, தோற்கப் போகிறவன் போட்டிக்குச் சற்று முன் கோதாவடியில் வைக்கும் தோல்விச் சம்மதப் பத்திரத்தில். முதல் ஏழு வருடக்காரர்களிடம் மட்டும் சேரும்போதே மொத்தமாக ஒரு நிரந்தரச் சம்மதம் வாங்கிவிடுவார்கள்.

வரவுக் கையெழுத்தைப் பளீல் பத்து நாள் முன்னதாகவே வாங்கி வைப்பது வழக்கம். "அண்டைக்கி சனம் மொய்க்கிற நேரத்துல எவன் மையும் பேனையும் தூக்கிட்டுத் திரியிற?" என்பார். எட்டு வருடமாக ஒரு குறையும் வந்ததில்லை. அந்த ஒக்டோபர் பதினாலு வரும்வரை.

வீரையாவோடு மோதித் தோற்க வேண்டியவன் நாவலப்பிட்டி ரயில் கூட்ஸ் செட்டில் வேலை பார்த்த முஹைதீன். சேர்ந்து எட்டு வருடமானவன், முந்தின வருடம் தன் முதல் வெற்றியைப் பெற்றவன், தங்கமான பையன். அன்று காலை கம்பளைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது. ரயில் இல்லை.

கண்டிப் போகம்பரையில் குஸ்திக் கூடாரத்துக்குள் ஜனம் நெருக்கியடித்தது. உட்கார்ந்தவன் எழுந்தால் அந்த இடத்தில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். வீரையா எண்ணெய் பூசித் தயாராக நின்றான். வென்றால் எந்தக் கையைத் தூக்குவது என்று அவனுக்கு ஒரு மாதமாகவே கவலை. அதுவரை தூக்கிப் பழக்கமில்லை. எண்பத்தெட்டாம் விதிப்படி வலது கை என்று பளீல் சொன்னபிறகு, கொழுந்து வாட்டும் மாடியில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தூக்கித் தூக்கிப் பழகியிருந்தான்.

மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. தலைவர் வந்து பதிவேட்டைத் திறந்தார்.

"முஹைதீன் வரலிங்க ஐயா" என்றான் வீரையா.

"ஆர் சொன்னது? கையெழுத்துக் கிடக்கு, பாரும்."

"அது பத்து நாளைக்கு முந்தி வச்சதுங்க."

"எப்ப வச்சதெண்டு கையெழுத்துச் சொல்லாது. திகதி பதினாலு எண்டு கிடக்கு. முஹைதீன் வந்திட்டான். உமக்குத் தெரியேல்லை எண்டால் அது உம்மட கண்ணின்ர பிழை."

வீரையா கூடாரத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தான். பளீல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... நான் ஜெயிச்சதா எழுதிக்கலாமுங்களா?"

தலைவர் இரண்டாவது தாளை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் கறுத்தது.

"சம்மதப் பத்திரத்தில முஹைதீன் கையெழுத்து வைக்கேல்லையே! வந்த மனுசன், ஆனால் தோற்கச் சம்மதிக்கேல்லை. சம்மதிக்காத ஒருத்தனைத் தோற்கடிக்கிறதோ? அது காட்டுமிராண்டித்தனம். அதை ஒழிக்கத்தானே நாங்கள் சபை வைச்சனாங்கள்."

"அப்ப என்னங்க செய்றது?"

"உம்மட சம்மதம் கிடக்கு. நிரந்தரமாக் கிடக்கு. நீர் தோற்கிறதில சட்டப்படி ஒரு தடையும் இல்லை."

"நான் மாட்டேன்னா?"

"வந்த எதிராளியை மதிக்காத குற்றம். லைசன்ஸ் போயிடும்."

அப்படித்தான் வீரையா கோதாவில் இறங்கினான். மணி அடித்தது. முதல் நிமிடம் ஜனம் சிரித்தது. இரண்டாம் நிமிடம் ஓர் அழுகின தோடம்பழம் வந்து விழுந்தது. நான்காம் நிமிடம், பின்வரிசையில் எவனோ ஒரு குறும்பன், "முஹைதீன், விடாத! கழுத்தப் பிடி!" என்று கத்தினான். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்குள் மூவாயிரம் பேரும் முஹைதீன் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். இல்லாத ஆளின் தைரியத்தைப் புகழ்ந்தார்கள். அவன் மீசை அழகை ஒருவன் மெச்சினான். முஹைதீனுடைய காலை மிதித்ததற்காக நடுவர் வீரையாவை ஒருமுறை எச்சரித்தார்.

வீரையா காற்றைக் கட்டிப் பிடித்தான். தன் கழுத்தைத் தானே சுற்றிக்கொண்டான். எத்தனையோ பேருக்குக் கீழே விழுந்து பழகிய உடம்பு, யாருமில்லாமல் எப்படி விழுவதென்று தெரியாமல் தவித்தது. மூன்று தடவை சரிந்து பார்த்தான். "இது விழுந்த கணக்கில்லை, தள்ளினவன் பலத்துக்குக் காணாது" என்றார் நடுவர். பதினேழாம் நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு மல்லாக்க விழுந்தான். தலை தரையில் மோதியது. நடுவர் மூன்று எண்ணினார். பிறகு எழுந்து, தமக்குப் பக்கத்திலிருந்த வெறும் காற்றின் வலது கையைப் பிடித்து உயர்த்தினார்.

கூடாரம் இடியும்படி கைதட்டல். கூரைக் கித்தானிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீரையாவின் கன்னத்தில் இருந்ததையும் மழைநீர் என்றே நடுவர் அறிக்கையில் எழுதினார்.

இதைத்தான் வீரையா வடிவம்மாவிடம் ஆறு நாளாகச் சொல்லிப் பார்த்தான். ஏழாம் நாள், "வா புள்ள, சபையிலயே கேட்டுப் பாரு" என்று கூட்டிக்கொண்டு கண்டிக்கு இறங்கினான்.

திருகோணமலை வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடி சபையின் கந்தோர். நீள மேசையைச் சுற்றி ஏழு கதிரைகள். தலைவர் ஒன்றிலும் பளீல் ஒன்றிலும் இருந்தார்கள். மற்ற ஐந்தும் காலி. ஏழு கதிரைக்கு முன்னாலும் தேத்தண்ணி ஆவி பறந்தது. வத்தேகமை வரைக்கும் நடந்துவந்த களைப்பில் வடிவம்மா ஒரு கதிரையில் சாயப்போனாள்.

"அதுல டொக்டர் ஈக்கிறாரு தங்கச்சி" என்றார் பளீல் அவசரமாக. "எல்லாரும் போன கிழமையே சைன் வச்சிட்டாங்க."

வடிவம்மா புருசனைப் பார்த்தாள். "கதிரைக்குத் தேத்தண்ணி வைக்கிறது வேறங்க" என்றாள் காதோரமாக. "ஒரு முழு ஆம்பளைய இருக்கான்னு சொல்றது வேற. மூவாயிரம் பேரு பாத்துக்கிட்டா இருப்பாங்க?"

"என்ன விசயம்?" என்றார் தலைவர்.

"எம் பொஞ்சாதிங்க. அன்னைக்கு நடந்தத நம்ப மாட்டேங்குறா."

தலைவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சந்தேகமோ? சபை தொடங்கி எட்டு வருசம். ஒருத்தரும் எங்களைச் சந்தேகிச்சதில்லை. பளீல், புதுக் கோப்பு ஒண்டு எடும். மேல 'சந்தேகம், இலக்கம் ஒன்று' எண்டு எழுதும்." பிறகு வீரையாவிடம் திரும்பினார். "இந்தச் சந்தேகம் தீராமல் உம்மட லைசன்ஸ் புதுப்பிக்கேலாது. நடந்ததெண்டு இவ கைநாட்டு வைக்கவேணும்."

"லைசன்ஸ் கெடக்கட்டுங்க ஐயா" என்றாள் வடிவம்மா. "கோதாவுல ஆள் இருந்துச்சா, இல்லியா?"

"இருந்தது. பதிவில கிடக்கு."

"அப்ப இவர் ஆளே இல்லன்னு சொன்னது பொய்."

வீரையாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கோதாவில் காற்றிடம் தோற்றபோதுகூட அப்படி வேர்க்கவில்லை. "வடிவு, அப்படி இல்ல..." என்று அவள் பக்கம் ஓரடி வைத்தான்.

அந்த நேரம் பார்த்துப் படியில் தடதடவென்று சத்தம். கையில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தோடு முஹைதீன் வந்து நின்றான்.

"பளீல் நானா, இந்தக் கிண்ணத்த பார்சல்ல அனுப்பி ஈக்கிறீங்க. எனக்கு வாணாம். நான் அண்டைக்கி வரவே இல்ல. கம்பளையில தண்டவாளத்து மண்ண அள்ளிக்கிட்டு நின்ட. நான் எப்புடி வெல்ற?"

தலைவர் காதைத் தீட்டினார். "பளீல், ஆரோ கதைக்கிற மாதிரிக் கேக்குதே?"

பளீல் பதிவேட்டைப் புரட்டினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இண்டைக்கிப் பதிவுல பேரில்ல, சேர்."

"அப்ப ஒருத்தரும் வரேல்லை. யன்னலால காத்து வருது."

முஹைதீன் மேசையைச் சுற்றிப் போய்த் தலைவரின் மூக்குக்கு நேரே கையை ஆட்டினான். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். முஹைதீன் கிண்ணத்தை மேசையில் வைத்தான். "ஆ, கிண்ணம் தபாலில திரும்பி வந்திட்டுது" என்றார் தலைவர். பிறகு எழுந்து, பதிவேட்டின் ஒக்டோபர் பதினாலாம் பக்கத்தை வணங்குவதுபோல் குனிந்து பேசினார்:

"முஹைதீன்! உம்மைப்போல ஒரு மல்லன் எங்களுக்குக் கிடைச்சது பாக்கியம். நேரத்துக்கு வந்தீர். எதிர்த்து ஒரு வார்த்தை கதைக்கேல்லை. சம்பளம் கேக்கேல்லை. எல்லாரும் உம்மைப்போல இருந்தால் இந்தச் சபையை எவ்வளவு சிறப்பா நடத்தலாம்!"

உண்மையான முஹைதீனுக்கு அழுகை வந்துவிட்டது. "வீரையாண்ணன்" என்று திரும்பினான். "இவங்களோட பேசி வேலல்ல. உங்கட வெற்றிய நான் கெடுத்துப் போட்ட. இஞ்சயே தாரேன், வாங்க." சட்டென்று பலகைத் தரையில் மல்லாந்து படுத்தான். "ரெண்டு தோளும் தரையில ஈக்கி. வந்து நெஞ்சுல கைய வைங்க. உங்கட பொஞ்சாதி பாக்கட்டும்."

வீரையா முழங்காலில் உட்கார்ந்தான். கையை நீட்டினான். கீழே கிடந்த முகத்தைப் பார்த்தான். ஏழு வருடமாக எத்தனை கிழவர்களுக்கு இதே மாதிரி படுத்துக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தானோ என்னவோ, நீட்டிய கையால் முஹைதீனின் தோளைப் பிடித்துத் தூக்கப் போனான்.

"எந்திரி தம்பி. படுத்துக் குடுக்கிற வெற்றி எனக்கு வேணாம்."

அதற்குள் தலைவர் யன்னலைச் சாத்தப் புறப்பட்டுவிட்டார். யன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் முஹைதீன் கிடந்தான். தலைவர் நிற்கவில்லை, விலகவில்லை. ஒரு கால் முஹைதீனுடைய வயிற்றில், மறு கால் தொடையில். "உம்மா!" என்று அலறினான் முஹைதீன். "தரைப் பலகை இளகிக் கிடக்கு, பளீல். ஒருக்கால் தச்சனைக் கூப்பிடும்" என்று சொல்லிக்கொண்டே தலைவர் யன்னலைச் சாத்திவிட்டு, அதே வழியாக மிதித்துத் திரும்பி வந்து உட்கார்ந்து சால்வையைச் சரிசெய்தார்.

வடிவம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முஹைதீனைப் பார்த்தாள். ஆவி அடங்கிக்கொண்டிருந்த ஐந்து தேத்தண்ணியைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை விரல்கள் நெருடின.

"எட்டாம் வருச முறை போயிட்டுது, இனித் திரும்ப ஏழு வருசம். வீரையாவின்ர வெற்றி ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்தொண்டில" என்றார் தலைவர். "சந்தேகம் தீர்ந்தால். என்ன சொல்லுறீர் பிள்ளை?"

பளீல் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "சும்மா ஒரு வார்த்த செல்லுங்க தங்கச்சி. நான் எழுதிக்கிறேன்."

"எழுதுங்க ஐயா" என்றாள் வடிவம்மா. "கெடக்கிற மனுசன மிதிச்சுக்கிட்டே இல்லன்னு சொல்றவங்க, இல்லாத மனுசன நிக்கிறான்னு சொல்லியிருப்பாங்க. எங்க வீட்டுக்காரர் பொய் சொல்லல."

"சுருக்கமா எழுதும், பளீல்" என்றார் தலைவர் திருப்தியோடு. "நடந்தது எண்டு எழுதும்."

அவள் கட்டை விரலை மையில் அழுத்தித் தாளில் பதித்தாள். பிறகு, ஏழு நாளில் முதன்முறையாக, புருசனின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நடந்துச்சுங்க" என்றாள். "நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு."